பொடக்காலியில் ஒரு மார்ச் குளோசிங்!

மார்ச் 28-ம் தேதி. காலை ஆறே முக்கால். வாயில் பிரஷ்ஷோடு பொடக்காலிக் கதவைத் திறந்து பார்க்கிறேன். துவைக்கிற கல் இருக்கிறது. அதை ஒட்டிச் சலதாரை இருக்கிறது. முந்தின நாள் துணி அலசிய ஈரம்கூட இருக்கிறது. ஆளைத்தான் காணோம்!

'ஆள்' என்றதும் கண்டபடி கற்பனை பண்ணாதீர்கள். நான் குடும்பஸ்தன். தேடியது இருபது கிராம்கூடத் தேறாத ஒரு பறவையை. சாம்பல் முதுகு, வாலடியில் எலுமிச்சம்பழ மஞ்சள், உடம்பு நீளத்துக்கு ஒரு வால். அந்த வால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்கும். சாம்பல் வாலாட்டி என்று பெயர். செப்டம்பர் கடைசியில் வந்தது. ஆறு மாசமாக தினம் காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் அந்தக் கல்லடியில் ஆஜராகி, புழு பூச்சியைப் பொறுக்கிவிட்டு, 'சிட்டிக்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போகும். லேட் அட்டென்டன்ஸ் கிடையாது. அன்றைக்கு ஆப்சென்ட். லீவ் லெட்டரும் இல்லை.

(கோயமுத்தூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பொடக்காலி என்பது வீட்டுக்குப் பின்பக்கம். மற்றவர்கள் புழக்கடை என்பார்கள். அபார்ட்மென்ட்வாசிகள் அகராதியில் தேடவும்.)

எங்கள் பொடக்காலி இருபதடிக்குப் பதினைந்தடி. ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கறிவேப்பிலைப் புதர், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தென்னை, துணி காயப்போட ஒரு கம்பி. சிங்காநல்லூர் குளத்துக்கு நடந்து போகும் தூரம். நான் வாடகைக்கு இருப்பவன். பி.காம். பகலில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். ராத்திரியில் இந்த மாதிரி எழுதுகிறேன். இரண்டிலும் பெரிசாக வருமானம் இல்லை என்பதால் இரண்டையும் விட முடியவில்லை.

மார்ச் கடைசி வாரம் எங்கள் ஜாதிக்கு எப்படிப்பட்டது என்று ஆபீஸ் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வவுச்சர் தொலையும். பேலன்ஸ் டாலி ஆகாது. எந்தத் தலைப்பில் போடுவது என்றே தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிட்டு, 'அப்புறம் பார்த்துக்கலாம் சார்' என்போம். அன்று காலை என் சிவப்பு அட்டை நோட்டில் வாலாட்டியையும் சஸ்பென்ஸில்தான் போட்டேன். போய்விட்டதா, இல்லை இன்று லேட்டா?

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. வருகையை எழுதுவது சுலபம். செப்டம்பரில் ஒரு நாள் கதவைத் திறக்கிறோம், புது ஆள் நிற்கிறது, தேதியைக் குறித்துவிடலாம். போகிற தேதி அப்படியில்லை. 27-ம் தேதி அதைப் பார்த்தபோது, அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியாது. பல் தேய்த்துக்கொண்டு அரைக் கண்ணால்தான் பார்த்தேன். அது கடைசி நாள் என்று எழுத வேண்டுமானால், அதற்கப்புறம் பத்து நாள் ஆளில்லாத அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த வெட்டி வேலையைத்தான் ஐந்து வருஷமாகச் செய்து வருகிறேன்.

* * *

2020-க்கு முன்னால் எனக்குத் தெரிந்த பறவைகள் நாலு. காக்கா, குருவி, கிளி, சிக்கன். அந்த வருஷம் மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு ஆரம்பித்ததும் எல்லாரையும் போல நானும் வீட்டில் முடங்கினேன். பொடக்காலியில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தால், எங்கேயோ 'டெக்... டெக்...' என்று ஒரு சத்தம். மெயின் போர்டில் ஸ்பார்க் அடிக்கிறது என்றே முடிவு கட்டினேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் போலீஸ் பிடிக்கும் காலம். பியூஸைப் பிடுங்கினேன். அப்போதும் 'டெக்... டெக்...'

மூன்றாம் நாள்தான் தெரிந்தது, சத்தம் கறிவேப்பிலைப் புதருக்குள்ளிருந்து வருகிறது. விரல் நீளத்துக்கு, பழுப்பு நிறத்தில், ஒரு அடையாளமும் இல்லாத ஒரு குருவி. பிளித் நாணல் கதிர்க்குருவி. பெயர்தான் பெரிசு, எடை பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியா என்று எங்கெங்கோ பிறந்து, குளிருக்கு நம் ஊர் வந்து, நம் வீட்டுப் புதரில் ஆறேழு மாசம் தங்கிவிட்டுப் போகிறது. வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது. தமிழ்நாட்டில் மரமும் புதரும் இருக்கிற வீடுகளில் அந்த 'டெக்' கேட்காத மார்கழி அபூர்வம். நாம்தான் காது கொடுப்பதில்லை. முப்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் வளர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் 'டெக்' நின்றுவிட்டது. என்றைக்கு என்று கவனிக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் நோட்டுப் போட்டேன். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

நோட்டை ஒரு முறை என் மனைவி பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். தராசில் ஏறுவதற்குள் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இதில் எனக்கு ஒரு பெரிய மனிதர் துணை உண்டு. 1885-ல் காங்கிரஸ் பிறக்கக் காரணமாயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம், பிரிட்டிஷ் சர்க்காரில் வருவாய், விவசாயம், வணிகம் ஆகிய இலாகாக்களின் செயலாளராக இருந்தவர். ஃபைலுக்கு நடுவில் பறவை பார்த்த மனுஷன். இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் பல வருஷம் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை ஒரு வேலையாள் சிம்லா பஜாரில் எடைக்குப் போட்டுவிட்டார்! மனசு வெறுத்துப்போன ஹ்யூம், தான் சேர்த்திருந்த எண்பதாயிரத்துச் சொச்சம் பறவை மாதிரிகளை லண்டன் மியூசியத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பறவை பார்ப்பது ஏதோ ஜுவாலஜி படித்தவர்கள் சமாச்சாரம் என்று நினைக்கிற காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. சலீம் அலி இருக்கிறாரே, இந்தியப் பறவைகளுக்கெல்லாம் ஜாதகம் எழுதியவர், அவர் பம்பாயில் தாவர் காமர்ஸ் காலேஜில் வணிகச் சட்டமும் அக்கவுன்டன்ஸியும் படித்தவர்! சேவியர் காலேஜில் ஒரு பாதிரியார்-பேராசிரியர் அவருடைய ஆசையைக் கண்டுகொண்டு விலங்கியல் பக்கம் இழுத்தார். காலையில் கணக்கு வகுப்பு, அது முடிந்ததும் சேவியர் காலேஜில் விலங்கியல் வகுப்பு என்று ஓடியிருக்கிறார். இன்றைக்கு நம் ஆனைகட்டி மலையடிவாரத்தில் அவர் பெயரில் 1990-ல் ஆரம்பித்த பறவை ஆய்வு மையம் இருக்கிறது. டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிட்யூட்டோடு இப்போது இணைத்துவிட்டார்கள். காந்திபுரத்திலிருந்து பஸ் உண்டு.

* * *

பனி குறைந்து வெயில் ஏறுகிற தை, மாசி, பங்குனிதான் பொடக்காலிக்கு சீசன். ஒரு பக்கம் விருந்தாளிகள் மூட்டை கட்டுகிறார்கள். இன்னொரு பக்கம் உள்ளூர்க்காரர்கள் கல்யாண வேலையில் இறங்குகிறார்கள். ரயில்வே ஜங்ஷனும் கல்யாண மண்டபமும் ஒரே இடத்தில் நடக்கிற மாதிரி.

முதலில் பெயின்ட் வேலை. ஊதாத் தேன்சிட்டு என்று ஒன்று. ஆண் பறவை கல்யாண சீசனில் கருநீலமாகப் பளபளக்கும். சீசன் முடிந்தால் கோட்டைக் கழற்றிவிட்டு, பெண் பறவை மாதிரி மங்கல் மஞ்சளாகி, நெஞ்சில் ஒரு கறுப்புக் கோட்டை மட்டும் டை கட்டிய மாதிரி வைத்துக்கொள்ளும். தை மாசத்தில் முருங்கைப் பூவில் பார்த்தால் பாதி மஞ்சள், பாதி நீலம், திட்டுத் திட்டாக நிற்கும். காண்ட்ராக்டர் பாதியில் ஓடிப்போன வீடு மாதிரி! மாசிக்குள் வேலை முடிந்துவிடும். வாலாட்டிக்கும் இதே கதைதான். குளிர்காலம் முழுக்க வெள்ளையாக இருக்கும் தொண்டை, ஆணாக இருந்தால் புறப்படுகிற நேரத்தில் கறுக்க ஆரம்பிக்கும். எங்கள் ஆளுக்கு மார்ச் நடுவில் தாடையில் லேசாகக் கறுப்பு தட்டியது. பெண் பார்க்கப் போகிறவன் மீசைக்கு மை தடவுவதில்லையா, அதுதான். அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்தது வீடு கட்டும் படலம். இதில்தான் எங்கள் குடும்பத்தில் குழப்பம் வந்தது. ஜனவரி கடைசியில் துணிக் கம்பியின் ஓரத்தில் தொங்கிய தேங்காய்க் கயிற்றுத் துண்டில் ஒரு குப்பை சேர ஆரம்பித்தது. சிலந்தி வலை, காய்ந்த இலை, மரப்பட்டைத் துணுக்கு, எங்கேயோ பொறுக்கிய பஞ்சு. நாளாக ஆக, குப்பை ஒரு பர்ஸ் மாதிரி நீண்டு தொங்கியது. பக்கவாட்டில் ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேலே ஒரு குட்டித் தாழ்வாரம். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் கூடு. ஆள் கட்டைவிரல் அளவு. கட்டுவது முழுக்க அம்மணிதான். ஐயா வர்ணச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்துக் கொய்யாவில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்ப்பார்.

"ஏங்க, துணியெல்லாம் எங்கே காயப்போடறது?" என்றாள் மனைவி.

"இந்தப் பக்கம் பாதிக் கம்பி இருக்கே."

"பாப்பா யூனிஃபார்ம், உங்க சட்டை, பெட்ஷீட் எல்லாம் பாதிக் கம்பியிலயா?"

ஒரு மாசம் என் சட்டைகள் ஜன்னல் கம்பியில் காய்ந்தன. அதற்கு நடுவில், வீட்டுக்காரம்மா ஒரு வெள்ளிக்கிழமை ஒட்டடைக் குச்சியோடு வந்து, "என்னங் தம்பி, இவ்வளவு பெரிய ஒட்டடை தொங்குது, பாத்துட்டே இருக்கறீங்" என்று ஓங்கிவிட்டார். குறுக்கே விழுந்து தடுத்தேன். உள்ளே முட்டை இருப்பதைக் கேட்டதும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "பாவம், புள்ளத்தாச்சியா!" என்றார். முட்டை பொரிய இரண்டு வாரம். குஞ்சு பறக்க அதற்கு மேலும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு குஞ்சும் பறந்த அன்று மனைவி முதல் வேலையாகக் கம்பி முழுக்கத் துணியைப் போட்டாள். ஆனால் கூட்டை எடுக்கவில்லை. அதிலேயே இன்னொரு தடவை முட்டையிட வரக்கூடும் என்று எங்கேயோ படித்தாளாம். நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

மாசி பிறந்ததும் குயில். காலை நாலரை மணிக்கு, அலாரத்துக்கு அரை மணி முந்தி. முதல் நாள் கேட்க இனிமையாக இருக்கும். பத்தாவது நாள் கல்லைத் தேடுவீர்கள். நம் சினிமாப் பாட்டுகளில் குயில் எப்போதும் கதாநாயகிதான். உண்மையில் 'குக்கூ' என்று உச்சஸ்தாயிக்கு ஏறுவது கறுப்புக் கோட்டும் சிவப்புக் கண்ணுமாக இருக்கும் ஆண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலைக்காரி. பாடுவதில்லை, 'கிக்-கிக்-கிக்' என்று கத்துவாள். அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. காக்கா குச்சி பொறுக்கிக் கூடு கட்டுகிறதா என்று கண்காணிக்க வேண்டும். ஆண் போய்க் காக்காவை வம்புக்கு இழுக்கும். காக்கா துரத்திக்கொண்டு போன இடைவெளியில் இவள் முட்டையை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். பினாமி முறை பறவைகளிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். குயிலை இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால் மா. கிருஷ்ணனைப் படியுங்கள். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று அவருடைய கட்டுரைகள் புத்தகமாக இருக்கின்றன. இவ்வளவு கறாராகவும் இவ்வளவு அழகாகவும் தமிழில் பறவைகளைப் பற்றி எழுதியவர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பங்குனியில் தையல்சிட்டு. பஞ்சாலை ஊருக்குப் பொருத்தமான பறவை. கொய்யா இலையின் ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் நுழைத்து, இலையைப் பை மாதிரித் தைத்துவிடும். திருப்பூர் பக்கம் போனால் ஓவர்லாக் மெஷினுக்கு வேலை கிடைக்கும்.

* * *

இவர்களுக்கெல்லாம் நாள் நட்சத்திரம் யார் சொல்கிறார்கள்? வெயிலா? வெயில் என்றால் கோவை மார்ச் மாசமே ஓடச் சொல்லும். ஆனால் கணக்கு வெப்பத்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. மார்கழிக்குப் பிறகு பகல் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. அந்த நீட்சியைப் பறவையின் மூளை அளக்கிறது. ஹார்மோன் சுரக்கிறது, பசி அதிகமாகிறது, உடம்பில் கொழுப்பு ஏறுகிறது. நெடுந்தூரம் போகிற சின்னப் பறவைகள் சில, புறப்படும் முன்பு தங்கள் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகவே ஏற்றிக்கொள்ளும். டேங்க் ஃபுல்!

எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கம். கோவையின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். வருஷம் முழுக்கப் பரவிய இந்த வித்தியாசத்தை நாம் உணர்வதே இல்லை. பறவைகள் உணரும். பனாமா காட்டில் எறும்புக் கூட்டத்தின் பின்னால் போய்ப் பூச்சி பிடிக்கும் ஒரு பறவையை வைத்து 1998-ல் ஆராய்ச்சி வெளியானது. பகல் பதினேழு நிமிஷம் நீண்டதையே அது கண்டுகொண்டு இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டது. நான் ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்குப் பதினேழு நிமிஷம் அதிகம் எடுத்துக்கொண்டால் கண்டுபிடிக்கும் மேனேஜர் ஒருவர்தான் இதற்கு ஈடு.

வலசைப் பறவைகளுக்கு இதோடு உடம்புக்குள்ளேயே ஒரு வருஷக் கடிகாரமும் உண்டு. வெளிச்சமே மாறாத கூண்டில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் சீசன் வந்தால் ராத்திரியில் சிறகை அடித்துக்கொண்டு தவிக்கும். கதிர்க்குருவி மாதிரிப் பொடிசுகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் கிளம்பும். நட்சத்திரமும் பூமியின் காந்தமும் வழி சொல்லும். நாம் டி.வி. பார்த்துவிட்டுத் தூங்குகிற நேரத்தில் தலைக்கு மேலே போக்குவரத்து நடக்கிறது.

எங்கள் வாலாட்டி போகும் இடம் இமயமலையாக இருக்கலாம், அதற்கு வடக்கே மத்திய ஆசியா, சைபீரியாவாகவும் இருக்கலாம். காலில் வளையம் மாட்டினால்தான் ஊர் பேர் சொல்ல முடியும். ஆனால் இந்த இனத்துக்கு ஒரு பழக்கம் உண்டென்று பறவை ஆட்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தனை தூரம் போய்விட்டு, அடுத்த குளிருக்கு அதே ஊர், அதே சின்னத் தோட்டம் என்று தேடி வந்து சேரும். என் நோட்டில் வாலாட்டி வந்த தேதிகள்: செப்டம்பர் 22, 29, 19, 25, 24. இதைவிட ஒழுங்காக எங்கள் கிளையன்ட் ஒருத்தரும் ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை.

* * *

இப்படி நோட்டுப் போடுவது நான் மட்டும் பண்ணுகிற கிறுக்குத்தனம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. 2007-லேயே 'மைக்ரன்ட்வாட்ச்' என்று ஆரம்பித்து, வலசைப் பறவை முதலில் வந்த தேதி, கடைசியாகத் தெரிந்த தேதி இரண்டையும் எழுதி அனுப்புங்கள் என்று ஜனங்களிடம் கேட்டிருக்கிறார்கள். இப்போது 'ஈ-பேர்ட்' என்ற செயலியில் போடலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் லீவில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் நாலு நாள், உலகம் முழுக்க 'கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பு'. அமெரிக்காவில் 1998-ல் தொடங்கியது, 2013-லிருந்து நாமும் சேர்ந்துகொண்டோம். பதினைந்து நிமிஷம் ஒரு இடத்தில் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி எழுதினால் போதும். பைனாகுலர் கட்டாயமில்லை. மொட்டை மாடி, டீக்கடை, ஆபீஸ் பார்க்கிங் எது வேண்டுமானாலும் சரி. சம்பளம் கிடையாது. டி.டி.எஸ்.ஸும் கிடையாது.

இந்தப் பதினைந்து நிமிஷங்களெல்லாம் சேர்ந்துதான் பெரிய கணக்காகிறது. 2023-ல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கைக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்களின் பதிவுகள் பயன்பட்டன. நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தது 338 வகைகளுக்கு. அதில் 204 குறைந்திருக்கின்றன, 98 அப்படியே இருக்கின்றன, 36 கூடியிருக்கின்றன. பேலன்ஸ் ஷீட் பார்க்கிற கண்ணுக்கு இது திவால் கேஸ். கூடியவர்கள் பட்டியலில் நம் நாலரை மணிக் குயில் இருக்கிறது. மயிலும் இருக்கிறது. மயில் கூடிவிட்டது என்பதைச் சொல்ல அறிக்கை எதற்கு, பல்லடம் பக்கத்து விவசாயி எவரைக் கேட்டாலும் சொல்வார், கூடவே நாலு கெட்ட வார்த்தையும் சொல்வார்.

சிட்டுக்குருவி? செல்போன் டவர்தான் கொன்றது என்று நானும் டீக்கடையில் அடித்துப் பேசியிருக்கிறேன். 2018-ல் '2.0' படம் வந்த பிறகு அது வேதமாகிவிட்டது. ஆனால் 2020-ல் வந்த இதே அறிக்கை வரிசையின் முதல் பதிப்பு, நாடு முழுக்கப் பார்த்தால் இருபத்தைந்து வருஷத்தில் சிட்டுக்குருவி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. டவருக்கு எதிராக உறுதியான ஆதாரம் இல்லை. ஓட்டு வீடு போனது, சந்து பொந்து போனது, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி போனது. இந்த வாதத்தில் வில்லன் இல்லாததால் டீக்கடையில் எடுபடுவதில்லை.

என் அப்பாரு காலத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. எங்கள் பூர்வீகம் பல்லடம் பக்கம் ஒரு மானாவாரிக் காடு. தை மாசம் சோளம் கதிர் பிடித்து நிற்கும்போது, மேகம் இறங்குவதுபோல ஒரு கூட்டம் வந்து விழும். சோளக்குருவி. ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை, கறுப்புச் சிறகு. ஆயிரக்கணக்கில் ஒன்றாகப் பறந்து, திரும்பி, நெளிந்து, புகை மாதிரி வானத்தில் கோலம் போடும். அப்பாரு அண்ணாந்து ரசித்ததாக எனக்கு ஞாபகமில்லை. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் ஓடியதுதான் ஞாபகம். இதே பறவை பங்குனியில் மத்திய ஆசியாவுக்குத் திரும்பிப் போய், வெட்டுக்கிளியைத் தின்றே குஞ்சு வளர்க்கிறது. சீனாவின் சின்ஜியாங் மாகாணத்தில் வெட்டுக்கிளியை ஒழிக்க இதற்கென்றே செங்கல்லிலும் கல்லிலும் கூடு கட்டி வைத்து வரவேற்கிறார்கள்! அப்பாரு இருந்திருந்தால், "அங்கயே வெச்சுக்கச் சொல்லு சாமி" என்றிருப்பார்.

பெரிய குளங்களுக்கு இப்போதெல்லாம் மரியாதை வந்திருக்கிறது. ஈரோடு பக்கத்து வெள்ளோடு 2022-லும், திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-லும் ராம்சர் பட்டியலில் ஏறின. எங்கள் சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் மாநகராட்சி பல்லுயிர்ப் பாதுகாப்பு இடமாக அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் தகைவிலான்கள் தண்ணீரை உரசிப் பறப்பதைப் பார்க்கலாம். சந்தோஷம். ஆனால் இருபதடிக்குப் பதினைந்தடிப் பொடக்காலிக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. அதை வீட்டுக்காரம்மாதான் முடிவு செய்ய வேண்டும்.

* * *

மார்ச் 30. வீட்டுக்காரம்மா வந்தார்.

"தம்பி, ஒரு சங்கதி. பொடக்காலி பூராவும் டைல்ஸ் ஒட்டீரலாம்னு இருக்கறேனுங்."

எனக்குத் திக்கென்றது. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. போன ஐப்பசி மழையில் அந்தத் துவைக்கிற கல்லடிப் பாசியில்தான் வழுக்கி விழுந்தார். ஒரு மாசம் கால் வீங்கி, கட்டிலில் கிடந்தார். அறுபத்தெட்டு வயசு. ஒரே மகன் ஷார்ஜாவில். அங்கிருந்து போனில் கத்தி, பணமும் அனுப்பிவிட்டார். 'முதல்ல அந்தச் சேத்தை மூடும்மா' என்று.

எனக்கு அந்தச் சேறுதான் வேண்டும். வாலாட்டி வருவதே அந்த ஈரத்துக்கும் அதிலிருக்கும் பூச்சிக்கும். டைல்ஸ் மேல் அது என்ன பண்ணும், முகம் பார்க்குமா? இதை ஒரு வாடகைக்காரன் எப்படிச் சொல்வது?

நோட்டை எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்துப் படித்தார்.

"இதென்னங் தம்பி, வருசா வருசம் பொரட்டாசி பொறந்ததீம் வந்துருது?"

"ஆமாங்கம்மா."

"இதே கல்லுக்கா?"

"இதே கல்லுக்குத்தாங்கம்மா. அதே பறவைதானான்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா அப்படி வர்ற வழக்கம் உண்டுன்னு எழுதியிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "என்ற பையன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்றான். போன தையில வந்தான். இருவது நாளு. பெட்டியப் பிரிச்சதும் தெரீல, கட்டுனதும் தெரீல" என்றார். பிறகு நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

ஏப்ரல் 6-ம் தேதி வரை தினம் கல்லைப் பார்த்தேன். ஏழாம் தேதி சஸ்பென்ஸைத் தீர்த்து, 'சாம்பல் வாலாட்டி, கடைசி நாள் மார்ச் 27' என்று எழுதிக் கோடு போட்டேன். கதிர்க்குருவி இன்னும் 'டெக்'கிக்கொண்டிருந்தது. அதன் கணக்கு மே வரைக்கும் இழுக்கலாம்.

அன்று மதியமே கொத்தனார் டேப்போடு வந்தார். வீட்டுக்காரம்மா பின்னாலேயே நின்றார்.

"கல்லைச் சுத்தி மூணடி விட்டுருங். நான் நடக்கற வழி மட்டும் வழுக்காத டைல்ஸா ஒட்டுங்."

"மூணடி விட்டா நல்லாருக்காதுங் ஆத்தா. முன்பல்லு விழுந்தாப்பல தெரியும்."

"தெரிஞ்சாத் தெரியுட்டும்."

எனக்கு வாயெல்லாம் பல். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ரொம்ப சிரிக்காதீங் தம்பி. அந்த மூணடியில பாசி புடிக்காம வாரத்துக்கு ஒருக்கா நீங்கதான் தேச்சு உடோணும். வாடகையில ஐநூறு ஏத்தியிருக்கறேன், வெலவாசி அப்படி. அப்பறம், பொரட்டாசியில அது வர்லீனா மீதி மூணடிக்கும் டைல்ஸ் ஒட்டீருவேன். ஆமா."

நேற்று சாயந்திரம் டைல்ஸ் வந்து இறங்கியிருக்கிறது. மூன்றடிக்குத் தேவையான மூன்று பெட்டியும் சேர்த்தே வாங்கி, மாடிப்படிக்குக் கீழே தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்.